ரயில் பெற்ற ஊர்

பாம்பன் ஒரு காலத்தில் ஜங்ஷன். பாலத்தைக் கடந்து தீவில் ஏறும் ரயிலுக்கு இன்று ஒரே போக்கிடம்தான், ராமேஸ்வரம். 1964 டிசம்பர் வரை பாம்பனில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்தது. தங்கச்சிமடம் பக்கம் திரும்பி ராமேஸ்வரத்துக்குப் போனது கிளைப் பாதை. தென்கிழக்கே மணல்வெளியில் ஓடியது பிரதானப் பாதை. சென்னை எழும்பூரிலிருந்து ராத்திரி முழுக்க ஓடிவந்த மெயில் வண்டி அந்தப் பாதையில்தான் போனது. தேசத்தின் எல்லா மூலையிலிருந்தும் யாத்ரீகர்கள் தேடி வரும் ராமேஸ்வரம் ரயில்வே கணக்கில் கிளை நிலையம். மெயின் லைன் தனுஷ்கோடிக்கு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் வண்டி நிற்பது ரத்தானது. பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து ராமேஸ்வரம் ரோடு என்ற இடத்தில் வீசிவிட்டுப் போவார்கள். ஊருக்குப் பத்திரிகை விநியோகித்துவந்த உறவினர் சம்சுதீனுக்குத் துணையாக அந்தக் கட்டுகளை எடுக்கப் போன ஒரு சிறுவர், வாழ்க்கையின் முதல் கூலியை அங்கே சம்பாதித்தார். அப்துல் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கும் செய்தி இது. அன்று பத்திரிகைக் கட்டை வீசிவிட்டு நிற்காமல் போன வண்டி, தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த வண்டி.

தனுஷ்கோடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் புயலில் தொடங்கிப் புயலிலேயே முடித்துவிடுகிறார்கள். ஒரே ராத்திரியில் அழிந்த ஊர் என்ற ஒற்றை வரி, அந்த ஊர் வாழ்ந்த ஐம்பது வருடத்தையும் விழுங்கிவிட்டது. அது எதற்காகப் பிறந்தது, யார் யாரைக் கரை ஏற்றியது, புயல் ஓய்ந்த பிறகு ஏன் யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை? எனக்குப் புயலைவிட இந்தக் கேள்விகள் பெரியவை.

தூத்துக்குடி கைவிட்ட பெயர்

போட் மெயில் என்ற பெயர் தனுஷ்கோடிக்கென்று பிறந்ததில்லை. 1914 வரை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடிக்கு வந்து அங்கே கப்பல் ஏறினார்கள். கப்பலுக்கு ஆள் சேர்க்கும் வண்டி என்பதால் அது போட் மெயில். அந்தத் தூத்துக்குடி–கொழும்பு தடத்தில்தான் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதியது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டபோது அவர் பெட்டியில் காத்திருந்ததும் இதே போட் மெயிலின் வரவுக்காகத்தான். நம் சுதந்திரப் போராட்டத்தின் ஓர் அத்தியாயமே இந்த வண்டியின் கால அட்டவணைக்குள் இருக்கிறது.

ஆனால் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே கடல் அகலம், பயணம் நீளம். இலங்கைக்கு மிக அருகில் நீண்டுகிடக்கும் இந்திய நிலம் ராமேஸ்வரம் தீவின் வால்பகுதி. அங்கிருந்து மன்னார் தீவு வரை மணல்திட்டுகளும் ஆழமற்ற கடலும்தான். அந்தத் திட்டுகள் மேலேயே தண்டவாளம் போட்டு, ஒரே ரயிலில் கொழும்பு வரை போய்விடலாம் என்றுகூடத் திட்டம் தீட்டினார்கள். செலவைப் பார்த்ததும் அந்தக் கனவு சுருங்கியது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே பாலம், தீவின் நுனிவரை ரயில், அங்கிருந்து கப்பல், எதிர்க்கரையில் மறுபடி ரயில் என்று முடிவானது.

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம், 145 கண். நடுவில் கப்பல் போக வழிவிட்டு இரண்டு கையாகத் தூக்கிக்கொள்ளும் ஷெர்சர் தூக்குப் பாலம். அதை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள், மூடினார்கள். பாலம் திறந்து ஒரு வாரத்துக்குள், மார்ச் 1 அன்று, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. இலங்கை ரயில்வே தன் பங்குக்குத் தலைமன்னார் வரை பாதை போட்டு வைத்திருந்தது.

அதற்கு முன் தனுஷ்கோடியில் இருந்தவை கோயிலுக்கு வருகிறவர்களின் தீர்த்தத் துறையும் மீனவர் குடிசைகளும். ராமனின் வில் நுனி என்று பெயர். காசிக்குப் போகிறவர்கள் இங்கே சேது தீர்த்தமாடி, மணலெடுத்துக்கொண்டு போய்ப் பிரயாகையில் சேர்த்து, கங்கை நீரோடு திரும்பி ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தி. அந்த வழக்கம் ரயிலுக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. ஆனால் தீர்த்தமாட வருகிறவர் அன்றே திரும்பிவிடுவார். ஓர் ஊர் எழுவதற்குத் தினந்தோறும் வந்து போகும் கூட்டமும், அந்தக் கூட்டத்துக்குச் சோறும் படுக்கையும் சுங்கச் சோதனையும் தேவை. ரயில் அதைக் கொண்டுவந்தது. ஆற்றங்கரையில் பிறந்த ஊர்கள் உண்டு, கோயிலைச் சுற்றிப் பிறந்த ஊர்கள் உண்டு. தனுஷ்கோடியைப் பெற்றது ரயில்.

இரண்டு கடலுக்கு நடுவே ஒரு பிளாட்பாரம்

ராமேஸ்வரம் மீனவர்கள் வடக்கே பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று அடங்கிக் கிடக்கும், மற்றது எப்போதும் குமுறும். இரண்டுக்கும் நடுவே நீண்ட மணல்நாக்கில், நாலாபுறமும் கண்ணுக்கு எட்டியவரை மேடென்று சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில், ஒரு முழு ஊர் நின்றது. ரயில் நிலையம், கப்பல் துறை அலுவலகங்கள், சுங்கச் சாவடி, தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள், மாதா கோயில், பிள்ளையார் கோயில், சத்திரங்கள், ஓட்டல்கள், ரயில்வேக்காரர்களின் குடியிருப்பு. சுவர்களில் செங்கல்லோடு கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லும் சுண்ணாம்புமாக வைத்துக் கட்டினார்கள். இன்று அந்தச் சுவர்களைத் தொட்டுப் பார்த்தால் விரலில் தேன்கூடு போலத் துளைத்துளையாகப் படுவது அந்தக் கல்தான்.

எழும்பூரில் சாயங்காலம் ஏறியவர் விழுப்புரம், திருச்சி, மானாமதுரை, ராமநாதபுரம் கடந்து மறுநாள் தனுஷ்கோடியில் இறங்குவார். சுங்கம் முடித்துக் கப்பல். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார். அங்கே காத்திருக்கும் இரவு வண்டியில் ஏறினால் மூன்றாம் நாள் காலை கொழும்பு கோட்டை. இத்தனைக்கும் எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டு. ரயில், கப்பல், ரயில் என்று மூன்று வாகனம் மாறும் பயணத்துக்கு ஒரு துண்டு அட்டை போதுமாக இருந்தது என்பதை, இன்று கொழும்புக்கு விமானச் சீட்டும் விசாவும் தேடுகிற நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சிலோன் அன்று நமக்குப் பக்கத்து ஜில்லாவைப் போல இருந்தது. கொழும்பு செட்டியார் தெருவில் கடை வைத்திருந்தவர்களும், யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக் கல்லூரிகளில் படிக்க வந்தவர்களும், நாடகக் குழுக்களும், கச்சேரிக்குப் போன வித்வான்களும் இந்தப் பிளாட்பாரத்தைத் தாண்டித்தான் போய்வந்தார்கள்.

ஆனால் அந்தப் பாதையை நிரப்பியவர்கள் இவர்கள் இல்லை.

மண்டபம் கேம்ப்

ராமநாதபுரத்திலிருந்து தீவுக்குப் போகும் ரயில் இன்றும் மண்டபம் கேம்ப் என்ற நிலையத்தைக் கடக்கிறது. பெயர்ப் பலகையைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர், எந்தக் கேம்ப் என்று கேட்டிருப்போம்? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரைக் காலராவும் அம்மையும் பிளேக்கும் இல்லையென்று உறுதிசெய்யும்வரை அடைத்துவைக்க இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய முகாம் அது. கங்காணி திரட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் அங்கே நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டன. மருத்துவச் சோதனை முடிந்ததும் மறுபடி ரயில், பாம்பன் பாலம், தனுஷ்கோடி, கப்பல்.

இதற்கு முந்திய தலைமுறையின் கதை இதைவிடக் கொடியது. காப்பித் தோட்டக் காலத்தில் தோணியில் மன்னாருக்குப் போய் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் அந்தப் பாதையில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த நடைப்பயணத்தோடு பார்த்தால், ரயிலும் கப்பலும் பெரிய கருணை. ஆனால் அந்தக் கருணைக்குள் ஒரு கணக்கும் இருந்தது: கூலி ஆட்கள் வழியில் சாகாமல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தால்தான் தோட்டத்துக்கு லாபம். தனுஷ்கோடிப் பாதைக்குப் பணம் போட்டவர்கள் மனதில் யாத்ரீகரைவிட அந்தத் தோட்டங்களே முன்னால் நின்றன என்று நினைக்கிறேன்.

திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போன அந்தக் குடும்பங்கள் சொந்த மண்ணைக் கடைசியாக மிதித்த இடம் தனுஷ்கோடி. அவர்கள் பிள்ளைகளும் பேரன்களும் மலையில் பிறந்து மலையில் வளர்ந்தார்கள். 1948இல் இலங்கை சுதந்திரமடைந்த கையோடு வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. அந்த மக்களைக் கேட்டு எடுத்த முடிவு இல்லை அது.

ஐந்தே கால் லட்சம் பேர் திரும்பி வருவதற்கு இருந்த வாசல் தனுஷ்கோடி. ஒப்பந்தம் கையெழுத்தாகி ஐம்பத்து மூன்றாம் நாள் அந்த வாசல் போனது.

மார்கழி இருட்டில்

1964 டிசம்பர் 17ஆம் தேதி தெற்கு அந்தமான் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானது. இரண்டு நாளில் அது கடும் புயலாக வலுத்தது. 21ஆம் தேதிக்குப் பிறகு ஏறக்குறைய நேர்க்கோட்டில் மேற்கே பாய்ந்து, 22ஆம் தேதி இலங்கையின் வவுனியாவைக் கடந்து, அன்று நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடி மேல் ஏறியது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்திருக்கும் என்பது பின்னால் போட்ட கணக்கு. கடல் 7 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. மணல்நாக்கின் இரண்டு பக்கமும் கடல். ஓடி ஏறிக்கொள்ள மேடு எதுவும் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள் இருந்தது.

பாம்பனிலிருந்து இரவு 11.55க்கு 653ஆம் எண் தனுஷ்கோடி பாசஞ்சர் புறப்பட்டது. சீட்டுக் கணக்குப்படி 110 பயணிகள், ரயில்வே ஊழியர் 5 பேர். ஊரை நெருங்கும் இடத்தில் சிக்னல் வேலை செய்யவில்லை. இருட்டு, மழை, காற்று. டிரைவர் சற்று நேரம் காத்திருந்து, நீளமாக ஊதிவிட்டு மெதுவாக முன்னே போனதாகச் சொல்கிறார்கள். நிலையம் எட்டிவிடும் தூரம். அப்போது அடித்த அலையில் வண்டி முழுவதும் போனது. யாரும் பிழைக்கவில்லை. சீட்டில்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 வரை இருக்கும் என்பாரும் உண்டு.

இந்தச் செய்தி வெளியே தெரிய 48 மணி நேரம் ஆனது. தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்தன. பாலம் இல்லை. மண்டபத்தில் இருந்த துறைமுக அதிகாரி அனுப்பிய தகவலை வைத்துத்தான் ரயில்வே தலைமையகம் அறிவிப்பு வெளியிட்டது. ஒரு முழு ரயிலைக் கடல் கொண்டுபோன செய்தி நாட்டுக்குத் தெரியாமல் இரண்டு பகல் கழிந்தன. தங்கள் வீட்டார் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்த இரண்டு நாளும் சாதாரண நாட்களாகவே இருந்திருக்கும்.

புயலில் இரு கரையிலும் சேர்த்து இறந்தவர்கள் குறைந்தது 1,800 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. ஊரில் நின்றவை சில சுவர்கள். ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே கடலோரத்தில் உள்ள கோதண்டராமர் கோயில் தாக்குப்பிடித்தது.

நாற்பத்தாறு நாளும் ஒரு அறிவிப்பும்

பாம்பன் பாலத்தின் கதையை எல்லோரும் பெருமையோடு சொல்வோம், சொல்லவும் வேண்டும். 145 கண்ணில் 126இன் கர்டர்கள் கடலில் விழுந்துவிட்டன. தூக்குப் பாலம் தப்பியது. மாதக்கணக்கில் ஆகும் என்று நினைத்த வேலையை, பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடிப் பிடித்துத் தூக்கியெடுத்து, அவற்றையே திரும்ப மாட்டினார்கள். பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டிய அதே ஸ்ரீதரன்.

தனுஷ்கோடிக்கு அப்படி ஒரு ஸ்ரீதரன் வாய்க்கவில்லை. சென்னை அரசாங்கம் அதை மனிதர் வாழத் தகுதியற்ற இடமென்று அறிவித்தது. பாலத்துக்கு நாற்பத்தாறு நாளில் உயிர் வந்தது, ஊருக்கு வரவே இல்லை. நான் அரசாங்கத்தைக் குறை சொல்லவில்லை. அந்த மணல்நாக்கில் மறுபடி வீடு கட்டச் சொல்லியிருந்தால் அடுத்த புயலுக்குப் பலி கொடுத்தது போலாகியிருக்கும், அறிவிப்பு சரியானது. எனக்கு உறுத்துவது வேறொன்று. ஒரு பாலம் அவசரமாக எழுந்ததற்குக் காரணம், அதற்கு அந்தப் பக்கம் ராமேஸ்வரம் இருந்தது. ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லாமல் இருக்க முடியாது. தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் இருந்தது சிலோன். கப்பலை ராமேஸ்வரத்திலிருந்தே விட்டுக்கொள்ளலாம் என்றானதும், தனுஷ்கோடியில் யாருக்கும் வேலை இல்லாமல் போனது. ரயில் பெற்ற ஊரை ரயில் கைவிட்டது. கிளை நிலையம் கடைசி நிலையமாயிற்று, மெயின் லைன் மணலுக்குள் போயிற்று.

ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய அந்தக் கப்பலை மலையகத் தமிழர் எவரும் மறக்கமாட்டார்கள். ராமானுஜம் என்று பெயர். சாஸ்திரி–ஸ்ரீமாவோ ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கொண்டுவந்தது அது. தாத்தா தனுஷ்கோடியில் கப்பலேறிப் போனார், பேரன் தான் ஒருநாளும் பார்த்திராத தாய்நாட்டில் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினான். அங்கிருந்து எங்கெங்கோ. 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தொடங்கிய டான்டீ தோட்டங்களே அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். கோத்தகிரி, கூடலூர் பக்கம் போகிறவர்கள் பார்க்கும் தேயிலைச் சரிவுகளில் பல, தனுஷ்கோடியின் கிளைக் கதைகள்.

1980களின் முதல் பாதியில், இலங்கையில் தீ மூண்டபோது, ராமானுஜமும் நின்றுபோனது. கடல் பாதை மட்டும் நிற்கவில்லை. 1983க்குப் பிறகு உயிருக்குத் தப்பிய ஈழத் தமிழர்கள் மீன்பிடிப் படகில் இரவில் ஏறி வந்தார்கள். பல படகோட்டிகள் தனுஷ்கோடிக்கு முன்னால் உள்ள மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கைக்குழந்தையோடு விடியும்வரை திட்டில் நின்றவர்கள் உண்டு. அவர்களைக் கரைசேர்த்து எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? அதே மண்டபம் முகாமுக்கு. தோட்டத்துக்குப் போகிறவர்களை அடைத்துவைத்த இடமே, போரிலிருந்து வருகிறவர்களை வாங்கிக்கொள்ளும் இடமானது. 2022 மார்ச் மாதம் இலங்கைப் பொருளாதாரம் சரிந்து அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் போனபோதும் குடும்பங்கள் வந்து இறங்கிய கரை தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனைதான். கப்பல் இல்லை, ரயில் இல்லை, சீட்டு இல்லை. இரண்டு கரைக்கும் நடுவில் இதுதான் குறுக்கு வழி என்று மக்களுக்குத் தெரியும்.

செத்த ஊரில் இருக்கிறவர்கள்

2017 வரை முகுந்தராயர் சத்திரத்தோடு தார் ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து வேனில் குலுங்கிக் குலுங்கி, அலை தொட்டுப் போகும் ஈர மணலில்தான் போக வேண்டும். இப்போது அங்கிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டருக்கு நல்ல ரோடு. 2017 ஜூலையில் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். அதிலிருந்து கார்களும் பஸ்களும் நாள் முழுக்க ஓடுகின்றன. சாயங்காலத்துக்கு மேல் வெளியாட்கள் தங்க அனுமதி இல்லை.

ரோடு வந்ததில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. முன்பு வேனில் வருகிறவர்கள் வழியில் இடிந்த ஊரில் இறங்கித்தான் ஆக வேண்டும். இப்போது பெரும்பாலோர் நேராக நுனிக்குப் போய்விடுகிறார்கள். அசோகத் தூணைச் சுற்றி ஒரு வட்டம், இரண்டு கடலும் சேரும் இடத்தில் ஒரு படம், திரும்பிவிடுகிறார்கள். மாதா கோயிலின் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் ரயில் நிலையத்தின் எஞ்சிய சுவர்களும் ஜன்னல் வழியே நகர்ந்து போகின்றன.

இறங்கி நடந்தால் தெரிவது, இது செத்த ஊர் இல்லை என்பது. மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டு இங்கேயே இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. கடலுக்குச் சில அடி தூரத்தில் மணலைத் தோண்டினால் குடிக்கத்தக்க நல்ல தண்ணீர் ஊறுகிறது. உப்புக் கடல் இரண்டுக்கும் நடுவே மழைநீரை மணல் பிடித்துவைத்துத் தருகிறது. அந்த ஊற்றுகளை நம்பித்தான் குடும்பம் நடக்கிறது. ரயிலும் சுங்கமும் ஆஸ்பத்திரியும் வருவதற்கு முன்னால் இங்கே யார் இருந்தார்களோ, அவர்களின் வழிவந்தவர்களே எல்லாம் போன பின்னும் இருக்கிறார்கள். சுற்றுலா விளம்பரங்கள் இதைப் பேய் ஊர் என்கின்றன. ஒரு தாய் அடுப்பு மூட்டுகிற இடத்தைப் பேய் ஊர் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

கடலும் மணலும் பாதிச் சுவரைத் தின்றுவிட்டன. மீதியை நாம் தின்கிறோம். பெயர் கீறுகிறோம், பவளக்கல்லைப் பெயர்த்து ஞாபகார்த்தமென்று பையில் போட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு முறை போகும்போதும் சுவர் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விடும் திட்டத்துக்கு 2019 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 1914இல் கப்பல் ஓடத் தொடங்கிய அதே தேதி. பாதை இன்னும் வரவில்லை. வராமல் இருப்பதே நல்லது என்பது என் முடிவு. சிலோனுக்குப் போகும் ரயிலாக இருந்தவரை அந்தப் பாதைக்கு அர்த்தம் இருந்தது. படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்காக, 1964ஐப் பார்த்த பிறகும், அந்த மணலில் தண்டவாளம் போட வேண்டியதில்லை. பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்கும் அந்தச் சதுப்பையும் நீர்ப்பரப்பையும் 2025இல் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. அது நல்ல காரியம்.

செய்ய வேண்டிய வேறு வேலை இருக்கிறது. எதிர்க்கரையில் போரில் அழிந்த தலைமன்னார் பாதையைத் திரும்பப் போட்டு, 2015 மார்ச் முதல் ரயில் விடுகிறார்கள். இந்தக் கரையில் 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்தாயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியது. எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் வரும் வண்டியை, போட் எதுவும் காத்திருக்காத போதும், மக்கள் இன்னும் போட் மெயில் என்றே சொல்கிறார்கள். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் ஒரு கப்பல் விட்டால் அந்தப் பெயருக்குப் பொருள் வந்துவிடும். தனுஷ்கோடியில் மிஞ்சிய சுவர்களுக்கு ஒரு வேலியும், கல் பெயர்க்கிறவரைத் தடுக்க ஓர் ஆளும், 653இல் போன 115 பேரின் பெயர்களையும் பொறித்து ரயில் நிலையச் சுவர் அருகே ஒரு கல்லும் வைக்க வேண்டும். பாலத்தை 46 நாளில் எழுப்பிய ரயில்வேக்கு இது பெரிய செலவு இல்லை.

நீங்கள் அடுத்த முறை அரிச்சல்முனைக்குப் போகும்போது வழியில் வண்டியை நிறுத்துங்கள். அந்த நிலையத்தின் சுவர் ஓரம் ஐந்து நிமிடம் நில்லுங்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு பாட்டன், பூட்டி, 1914க்குப் பிறகு கங்காணியோடு சிலோனுக்குப் போனவர் என்று கேள்விப்பட்டிருந்தால், அவர் சொந்த மண்ணில் கடைசியாக நின்றது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.